பாபிலோனில் ஒரு யூத ராஜாவின் நல்லெண்ணெய்க் கணக்கு

பாபிலோனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தொங்கும் தோட்டத்தையும் பாபேல் கோபுரத்தையும் தேடித்தான் போகிறார்கள். இரண்டும் அங்கே இல்லை. கோபுரம் நின்ற இடத்தில் இப்போது இருப்பது சதுரமான ஒரு பள்ளமும் அதில் தேங்கிய தண்ணீரும். நான் போனது யோயாக்கீனுக்காக. 18 வயதில் எருசலேமில் பட்டத்துக்கு வந்து, மூன்றே மாதத்தில் அதை இழந்து, அப்புறம் குடும்பத்தோடு இந்த ஊரில் காலம் தள்ளிய யூதா ராஜா.

அப்பன் யோயாக்கீம் பாபிலோனுக்கு எதிராகக் கிளம்பிவிட்டு, பலனை அனுபவிக்காமல் செத்துப்போனான். எல்லாம் மகன் தலையில் விடிந்தது. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைச் சூழ்ந்தபோது, யோயாக்கீன் தன் தாய் நெகுஸ்தாள், அதிகாரிகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து சரணடைந்தான். கோழை என்று சொல்லலாம்தான். எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குப் பதிலாக உட்காரவைக்கப்பட்ட சித்தப்பா சிதேக்கியா 11 ஆண்டு ஆண்டான், கலகம் செய்தான், பிடிபட்டான். ரிப்லாவில் அவன் கண்ணெதிரே பிள்ளைகளை வெட்டி, பிறகு அவன் கண்களையும் குருடாக்கி, விலங்கு மாட்டி இதே பாபிலோனுக்கு இழுத்து வந்தார்கள். யோயாக்கீனின் பிள்ளைகளுக்கோ அரண்மனைக் கிடங்கிலிருந்து நல்லெண்ணெய் அளந்து கொடுத்தார்கள்.

பாக்தாத்திலிருந்து தெற்கே வந்தால் ஹில்லாவுக்குச் சற்று முன்பே பாபிலோன். வாசலில் நீல வண்ணத்தில் நிற்பது பழைய நகரின் நுழைவாயிலான இஷ்டார் வாயிலின் சிறிய நகல். மெருகு ஓடுகளால் ஆன அசல் முகப்பு பெர்லினுக்குப் போய் ஏறக்குறைய நூறு ஆண்டாகிறது. ஆனால் உள்ளே இறங்கிப் பார்த்தால் வாயிலின் அடிப்பகுதி அப்படியே இருக்கிறது. மெருகில்லாத வெறும் செங்கல்லில் காளைகளும், பாம்புத்தலை மிருகங்களும் வரிசை வரிசையாக. பெர்லின் நீலத்தைவிட எனக்கு இந்த மண் நிறம்தான் பிடித்திருந்தது.

பக்கத்திலேயே தெற்கு அரண்மனை. 1980களில் சதாம் உசேன் பழைய அடித்தளத்தின் மேலேயே புதுச் சுவர் எழுப்பிவிட்டார். நேபுகாத்நேச்சார் தன் பெயரைச் செங்கல்லில் அச்சடித்ததைப் பார்த்து, இவரும் தன் பெயரை அரபியில் பொறித்துச் செங்கல் வைத்திருக்கிறார். ஆராய்ச்சியாளர்களுக்கு இது வயிற்றெரிச்சல். வழிகாட்டி அந்தச் செங்கற்களைத்தான் முதலில் காட்டினார், எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்களாம்.

நான் கேட்டது அரண்மனையின் வடகிழக்கு மூலை. “அங்கே ஒன்றும் இல்லையே சார்” என்றார். உண்மைதான், பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் 1899இல் தோண்டத் தொடங்கிய ஜெர்மானியர் ராபர்ட் கோல்டுவே அங்கே 14 வளைகூரை அறைகளைக் கண்டார். தொங்கும் தோட்டத்தின் அடிக்கட்டு என்று நம்பினார். அந்தக் கட்டடத்தில் கிடைத்த களிமண் பலகைகளை ஆப்பெழுத்து அறிஞர் எர்ன்ஸ்ட் வைட்னர் 1939இல் படித்து வெளியிட்டபோது, அது தோட்டமல்ல, கிடங்கு என்று பலருக்கும் தோன்றிவிட்டது. அத்தனையும் படியளந்த கணக்கு.

அதில் கி.மு. 592ஐச் சேர்ந்த ஒரு பலகையில் யூதா நாட்டு ராஜா யாவுகினுக்கு (நம் யோயாக்கீன்தான்) 10 சிலா நல்லெண்ணெய், அவன் பிள்ளைகளுக்கு 2½ சிலா, யூதாவைச் சேர்ந்த எட்டுப் பேருக்கு 4 சிலா என்று எழுதியிருக்கிறது. சிலா என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். மற்றவர்களுக்குத் தலைக்கு அரை சிலா, ராஜாவுக்கு அதைப்போல் இருபது மடங்கு. பிள்ளைகள் ஐந்து பேர் என்று இன்னொரு பதிவு சொல்கிறது. இதே கணக்கில் அஸ்கலோன் ராஜாவின் பிள்ளைகள், தீரு ஊர் ஆட்கள், கிரேக்கத் தச்சர்கள், எகிப்தியர்கள் எல்லாரும் வருகிறார்கள். தோற்ற நாடுகளின் அரச வம்சங்கள் ஒரே கிடங்கின் முன்னால் கூடியிருக்கின்றன.

எனக்கு வியப்பு அளவில் அல்ல, பட்டத்தில்தான். எருசலேமில் சித்தப்பா ஆண்டுகொண்டிருந்த அதே காலத்தில், பாபிலோன் எழுத்தர் இவனைத்தான் ராஜா என்று எழுதுகிறார். இரக்கமாக இருக்க வழியில்லை. அங்கே இருப்பவன் வாலாட்டினால் அனுப்பிவைக்க இங்கே ஒருவன் கையிருப்பில் இருக்கட்டும் என்ற கணக்காகத்தான் இருக்கும். நாடு கடத்தப்பட்டவர்களும் விடவில்லை. எசேக்கியேல் தீர்க்கதரிசி தன் நூலைத் தொடங்கும்போது யோயாக்கீன் சிறைப்பட்ட ஐந்தாம் ஆண்டு என்றுதான் காலம் குறிக்கிறார், சிதேக்கியாவின் ஆட்சியாண்டை அல்ல.

இடையில் யோயாக்கீன் எப்போதோ சிறைக்குப் போயிருக்கிறான். நேபுகாத்நேச்சார் இறந்த பிறகு, சிறையிருப்பின் 37ஆம் ஆண்டில், அடுத்துப் பட்டத்துக்கு வந்த மகன் ஏவில் மெரொதாக் அவனை விடுவித்துத் தன் பந்தியில் உட்காரவைத்தான் என்று பைபிளின் இராஜாக்கள் நூல் முடிகிறது. யோயாக்கீனின் பேரன் செருபாபேல்தான் பாரசீகர் காலத்தில் எருசலேமுக்கு ஆளுநராகத் திரும்பிப் போனவன். பாபிலோனியாவிலேயே தங்கிவிட்ட யூதர்களின் தலைவர்களும் பல நூற்றாண்டுகள் தங்களைத் தாவீதின் வம்சம் என்றே சொல்லிவந்தார்கள்.

ஹில்லாவிலிருந்து நஜஃப் போகும் வழியில் அல்கிஃப்லில் இறங்கினேன். எசேக்கியேலின் கல்லறை என்று நம்பப்படும் இடம், முஸ்லிம்களுக்குத் துல்கிஃப்ல் நபி அடங்கிய தலம். கூம்பு வடிவக் கோபுரம், அடுக்கடுக்கான தேன்கூட்டு வேலைப்பாடு. உள்ளே சுவரில் எபிரேய எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. ஈராக் யூதர்களில் பெரும்பாலோர் 1950-51இல் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். நான் பார்த்த கூட்டம் முழுக்க ஷியா யாத்திரிகர்கள்.

12ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த துதேலா ஊர் பெஞ்சமின் என்ற யூதப் பயணி, இந்தக் கட்டடத்தை எழுப்பியது விடுதலையான யோயாக்கீனும் அவனோடு வந்த 35,000 யூதர்களும்தான் என்று எழுதிவைத்திருக்கிறார். எண்ணை நான் நம்பவில்லை. ஆனால் பத்து லிட்டர் எண்ணெய்க்குக் கையேந்தி நின்றவனை அவன் ஜனங்கள் 1,700 ஆண்டு கழித்தும் கோயில் கட்டிய ராஜாவாகவே நினைத்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் பாபிலோனைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், நிழல் என்பதே கிடையாது. அல்கிஃப்லை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம், தலம் உள்ளே குளுமையாக இருக்கும். பெண்கள் தலையை மூடத் துணி கொண்டு போவது நல்லது.