எல்லோரையும் நல்லவர்களாக்கும் படம்

‘திர’ என்ற மலையாளப் படத்தைக் கூட்டங்களில் போட ஆரம்பித்ததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. அதைப் போட்டால் யாரும் பாதியில் எழுந்து போவதில்லை. பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில், குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் குழுக்களின் கூட்டங்களில் ஆள்கடத்தல் விழிப்புணர்வு என்று சொல்லி விளக்க அட்டைகளை விரித்தால், கொஞ்ச நேரத்திலேயே ஒருத்தருக்குப் பால் கறக்கும் நேரம் வந்துவிடும், இன்னொருத்தருக்குப் பிள்ளையின் பள்ளிக்கூட வண்டி வந்துவிடும். ஷோபனாவைத் திரையில் காட்டினால் மாடு காத்திருக்கிறது. மொழியும் தடையில்லை. வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம் என்று வாழ்கிற தாலுகா இது.

படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். மருத்துவர் ரோகிணி பிரணாப் நடத்தும் இல்லத்திலிருந்து பெண்கள் கடத்தப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், தன் சகோதரி கடத்தப்பட்டதால் அலைகிற இளைஞன். இரண்டு பேரும் சேர்ந்து தேடிப் போகிறார்கள். 2013 நவம்பரில் வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் ‘தட்டத்தின் மறயத்து’ எடுத்துக் கேரளத்தையே காதலில் மிதக்கவிட்ட வினீத் சீனிவாசன், அடுத்ததாக இப்படி ஒரு இருட்டுப் படத்தோடு வந்து நின்றார். விமர்சனங்களில் நல்ல பேர் கிடைத்தது, ஷோபனாவை எல்லோரும் கொண்டாடினார்கள், தியேட்டரில்தான் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. மூன்று பாகமாக யோசித்த கதை என்றார்கள். அடுத்த பாகம் இன்றுவரை வரவில்லை. ஆனால் தியேட்டரை விட்டுப் போன பிறகுதான் படத்துக்கு ஆள் சேர்ந்தது. "அன்றைக்கு ஓடாமல் போன நல்ல படம்" என்று பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சேர்க்காமல் விடுவதில்லை. என் கூட்டங்களில் இருந்த பெண்களில் தியேட்டரில் பார்த்தவர்கள் அநேகமாகக் கிடையாது. டிவியில் பாதி பார்த்தவர்கள் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேர்ந்தெடுத்த காட்சிகளைப் போட்டு முடித்து, விளக்கைப் போட்டதும், முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னார்: "பொம்பளப் புள்ளைங்கள வெச்சுச் சம்பாரிக்கிற இவனுகளையெல்லாம் சும்மா உடக்கூடாதுங்க தம்பி."

நான் சொன்னது: "ஆமாங்கக்கா."

அந்த அக்கா யார் என்று எனக்குத் தெரியும், அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஏஜென்ட் என்று யாரும் அவரைச் சொல்வதில்லை. ‘அக்காகிட்டச் சொன்னா நடக்கும்’ என்பார்கள். குவைத்தில் வீட்டுவேலை பார்த்து, திரும்பிவந்து, கான்கிரீட் வீடு கட்டியவர். அவரைப் பார்த்து மற்றவர்கள் கேட்க, கொச்சியில் யாரிடமோ சொல்லி அனுப்பிவைப்பார். அவருக்கும் ஏதோ கிடைக்கும். அப்படிப் போனவர்களில் கடனை அடைத்தவர் உண்டு, மகளை நர்சிங் படிக்கவைத்தவர் உண்டு. ஓமனுக்குப் போய் சம்பளம் முழுதாகக் கையில் வராமல், வயிற்றுவலியோடு திரும்பிவந்தவரும் ஒருத்தர் உண்டு. அவரும் அன்று அந்த ஹாலில் இருந்தார். நான் "ஆமாங்கக்கா" என்றபோது பின்னால் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வேறு என்ன சொல்லியிருக்கலாம்? அக்கம்பக்கத்தார் அத்தனை பேர் நடுவில், "அக்கா, நீங்க ஓமனுக்கு அனுப்பினது இதுல எதுல சேரும்?" என்று கேட்டிருக்கலாமா? அதோடு அந்த ஊரில் என் கூட்டம் முடிந்திருக்கும். அக்காவும் நிஜமாகவே அழுதிருந்தார், நடிப்பில்லை. கண்ணீரோடு நிற்கிறவரிடம் குற்றப்பத்திரிகை வாசிப்பது என் வேலையும் இல்லை. இப்படி என்னிடமே நான் நிறையத் தடவை வாதாடியிருக்கிறேன். வாதம் ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கிறது, ஆனாலும் விஷயம் விடமாட்டேன் என்கிறது.

சட்டத்தைப் பார்த்தால் தெளிவு வரும் என்று நினைப்பீர்கள். ‘திர’ வந்த அதே 2013இல்தான் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவை மாற்றி எழுதினார்கள். இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 143ஆம் பிரிவு. சுரண்டுவதற்காக ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, ஒளித்துவைப்பது, ஒப்படைப்பது, பெற்றுக்கொள்வது எல்லாம் அதில் வரும். மிரட்டித்தான் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. ஏமாற்றியோ ஆசை காட்டியோ செய்தாலும் போதும், போனவர் சம்மதித்தாரா என்பது கணக்கில்லை. அக்கா ஆளைச் சேர்த்தார், அது உறுதி. "ரெண்டு பிள்ளைங்க, சமையல் மட்டும்" என்று சொன்னார். போய்ப் பார்த்தால் மூன்று மாடி வீடு, வீடு நிறைய ஆள். கொச்சிக்காரர் தன்னிடம் சொன்னதைத்தான் அக்கா சொன்னார் என்றால் ஏமாற்றியது யார்? தெரிந்தே சொன்னார் என்றால்? எனக்குத் தெரியாது. அதைக் கேட்கவேண்டிய ஒரே ஒரு தருணத்தில் நான் ஆமாம் போட்டேன்.

வளைகுடா வீட்டுவேலை நடக்கிற விதமே இந்தக் குழப்பத்துக்கு வசதியானது. போகிற பெண்ணிடம் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை, அதனால் "இவங்க ஏமாத்தறவங்க இல்ல" என்று தோன்றிவிடும். பணம் கொடுப்பது அங்கிருக்கிற முதலாளி. பாஸ்போர்ட் அவரிடம் போய்விடும். முடியவில்லை, ஊருக்குப் போகிறேன் என்றால், "உனக்காகக் கொடுத்ததைத் திருப்பிக் கொடு" என்பார். பத்தாவது தாண்டாதவர்களுக்குக் குடியகல்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அந்தப் பாஸ்போர்ட்டில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற பெண் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகக் கூடாது என்று விதி. முப்பதைத் தாண்டினாலும் நோர்க்கா ரூட்ஸ், ஓடெபெக் மாதிரியான அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போகவேண்டும் என்று 2016இல் கொண்டுவந்தார்கள். நல்ல விதிகள்தான். ஆனால் விசிட் விசாவில் போகிறவரிடம் அந்த அனுமதியை யாரும் கேட்பதில்லை. விதியைக் கடுமையாக்க ஆக்க, அக்காவைப் போன்றவர்களின் தேவை கூடிக்கொண்டே போகிறது. இதை மேலிடத்துக் கூட்டங்களில் சொன்னால், நான் ஏஜென்ட்டுகளுக்குப் பரிந்து பேசுவதாக ஆகிவிடும்.

அவசரப்பட்டுப் பேர் வைப்பதில் எனக்குத் தயக்கம் வர இன்னொரு காரணமும் உண்டு. 2014 மே மாதம் பாலக்காடு ஸ்டேஷனில் ரயிலிலிருந்து நூற்றுக்கணக்கான குழந்தைகளை இறக்கினார்கள். ஜார்க்கண்ட், பீகார் பக்கத்திலிருந்து மலபார் அநாதை இல்லங்களுக்குக் கூட்டிவரப்பட்டவர்கள். பலரிடம் டிக்கெட்டும் இல்லை, சரியான காகிதமும் இல்லை. ஒரே இரவில் அது கடத்தல் வழக்கானது. பிறகு சிபிஐ விசாரித்து, கடத்தல் நடக்கவில்லை, படிப்புக்காகப் பெற்றோரே அனுப்பிய பிள்ளைகள் என்று சொன்னது. அன்று அவர்களை இறக்கியதும் சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். காகிதம் இல்லாமல் அத்தனை பிள்ளைகள் வந்தால் வேறென்ன செய்வது? ஆனால் ‘கடத்தல்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதைத் திரும்ப வாங்க வருடக்கணக்கில் ஆகிறது. அக்காவைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வராததில் இதற்கும் பங்கு இருக்கிறது. அல்லது, இந்தப் பழைய வழக்கு எனக்கு வசதியாகக் கிடைத்துவிட்டது.

என்னோடு வேலை பார்க்கும் சேச்சிக்கு என்னைவிட அனுபவம் அதிகம். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அக்காமேல் கோபமில்லை, படத்தின்மேல்தான் கோபம். "அந்தப் படத்தில் கெட்டவனைப் பார்த்தாலே தெரியும், மோனே. வண்டியில் வருவான், துப்பாக்கி வைத்திருப்பான், நமக்குப் புரியாத பாஷையில் பேசுவான். இங்கே வருகிறவள் கல்யாணத்துக்கு மொய் வைக்கிறவள்." அவர் எனக்கு வேறு ஒரு படத்தைச் சொன்னார். அதே காலத்தில் ராஜேஷ் டச்ரிவர் எடுத்த ‘என்டெ’. ஹைதராபாதின் பிரஜ்வலா அமைப்பைத் தொடங்கிய சுனிதா கிருஷ்ணன் தயாரித்தது. தெலுங்கில் ‘நா பங்காரு தல்லி’ என்ற பேரில் தேசிய விருது வாங்கியது. மகள் தலையில் வைத்துக் கொண்டாடும் அப்பாதான் அங்கே ஆளைப் பிடித்துக் கொடுக்கிறவர். ஊரில் மரியாதையான மனிதர்.

அதையும் ஒரு இடத்தில் போட்டுப் பார்த்தேன். மாட்டுக்குப் பால் கறக்கும் நேரம் வந்துவிட்டது. இருந்தவர்களும் முடிந்த பிறகு எதுவும் பேசவில்லை. ஒருத்தர் மட்டும், "அடுத்த தடவை அந்த டாக்டரம்மா படமே போடுங்க சார்" என்றார். சேச்சி சொன்னது சரி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனால் பேசாமல் கலைகிற கூட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

‘திர’யைக் குறை சொல்வது எனக்கும் நியாயமாகப் படவில்லை. அது தன்னை விழிப்புணர்வுப் படம் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. பார்க்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், அதற்காக எடுத்தது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. த்ரில்லரில் துரத்துகிறவரோடு நாமும் ஓடுகிறோம். அக்காவும் ஓடினார். மனதார ரோகிணியாக இருந்தார். அவர் கண்ணில் அவர் செய்வதும் அதே வேலைதான்: கஷ்டத்தில் கிடக்கிற பெண்களைக் கைதூக்கி விடுவது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புரொஜெக்டரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறபோது நான் யாரென்று என்னை நினைத்துக்கொள்கிறேன்? அந்த ஹாலில் இருந்தவர்களில் படம் தன்னைப் பற்றியது என்று நினைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் பாய் சுருட்டிக்கொண்டிருந்தவர். அவருக்கும் அப்படித் தோன்றியிருக்காது. அவரை யாரும் வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோகவில்லை. பிறகு ஒருநாள் அவரிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கியபோது, "அக்கா என்ன பண்ணுங்க, அது நல்லதுக்குத்தான் சொல்லுச்சு. என் நேரம்" என்றார். புகார் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது, அப்படிப் பார்த்தார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் கழித்து அக்காவே போனில் கூப்பிட்டார். ஒரு பெண்ணுக்கு இருபத்தேழு வயசு, எட்டாவது வரைதான் படிப்பு, புருஷன் இல்லை, குவைத் போகணும்னு நிற்கிறாள், விசிட்டில் போனால் பிரச்சினை வருமா தம்பி, நீங்க விவரம் தெரிஞ்சவர் என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வயசு விதி, அரசு வழி, விசிட்டில் போனால் அங்கே ஏதாவது ஆனால் கேட்க நாதி இருக்காது என்பது, ஆள்கடத்தல் சட்டப் பிரிவு, எல்லாமே. "அவ்வளவு இருக்குங்களா" என்று கேட்டுக்கொண்டார். அனுப்பலை என்றார்.

இதைத்தான் நான் சேச்சியிடம் என் தரப்புக்குச் சாட்சியாகச் சொன்னேன். அன்று கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்தியிருந்தால் இந்தப் போன் வந்திருக்குமா? ஆமாங்கக்கா என்றதால்தானே என்னை நம்பிக் கேட்டார்? சேச்சி டீயைக் குடித்து முடிக்கும்வரை எதுவும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்?"

ஊரில்தான் இருப்பாள் என்றேன். போய்ப் பார்த்தாயா என்றார். பேர் கேட்டுக்கொள்ளவில்லை என்றேன். அக்காவிடம் திரும்பப் போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகிவிடும், அதற்கப்புறம் அவர் கூப்பிடமாட்டார் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் அதே வார்டில் கூட்டம் இருக்கிறது. ஹாலுக்குச் சாவி வாங்கித் தருவது அக்காதான்.