ஒன்றரை மைக்ரோ நொடி

2022 அக்டோபர் 1 அன்று டில்லியில் 5ஜி சேவை தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த ஓராண்டுக்கு எங்களுக்குப் பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. திண்டுக்கல், தேனி வட்டாரத்தில் 4ஜி டவர்களை 5ஜிக்கு மாற்றும் வேலையில் நான் களப் பொறியாளன். காலையில் ஒரு டவர், மதியம் ஒன்று, இருட்டுவதற்குள் இன்னொன்று என்று ஓடிக்கொண்டிருந்தோம்.

பார்க்கிறவர்களுக்கு மேலே மாட்டிய புதுப் பெட்டிதான் 5ஜி. அந்தப் பெட்டி அதிசயமான பொருள்தான். 4ஜியில் பெரும்பாலும் ஆன்டெனா தனி, ரேடியோ தனி. இதில் இரண்டும் ஒரே உடம்பு. உள்ளே 32 அல்லது 64 அலைபரப்பிகள். 25 முதல் 40 கிலோ வரை கனக்கும் அதைக் கயிறும் கப்பியும் போட்டு மேலே இழுக்கும்போது காற்று அடித்தால், கயிறு பிடித்திருக்கும் எல்லோருக்கும் பேச்சு நின்றுவிடும். கீழே செய்த வேலைகளும் குறைவில்லை. டவருக்குத் தரவைக் காற்றுவழியே கொண்டுவரும் பழைய மைக்ரோவேவ் இணைப்பு போதாத இடங்களுக்கு ஃபைபர் இழுத்தோம். மின்சாரத்துக்கு, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரும் பேட்டரியும் கூட்டினோம்.

எனக்கு மறக்காதது இவை எதுவும் அல்ல. கையளவு ஜிபிஎஸ் ஆன்டெனா.

3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 5ஜி டவர் பேசுவதும் கேட்பதும் ஒரே அலைவரிசையில், முறைவைத்துத்தான். எல்லா டவர்களும் ஒரே நேரத்தில் பேச வேண்டும், ஒரே நேரத்தில் வாய்மூடிக் கேட்க வேண்டும். பொது நேரத்திலிருந்து எந்த டவரும் ஒன்றரை மைக்ரோ நொடிக்கு மேல் விலகக்கூடாது. மைக்ரோ நொடி என்பது ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒளியே அதற்குள் 450 மீட்டர்தான் போகும். அந்த நேரத்தைச் செயற்கைக்கோளிலிருந்து வாங்கித் தருவதுதான் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் வேலை. கோலாட்டத்தில் ஒருத்தி தாளம் தப்பினால் அடி விழுவது பக்கத்தில் ஆடுகிறவளின் விரலில். இங்கேயும் அப்படியே: தாளம் தப்பிய டவர் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், சுற்றியுள்ள டவர்களின் காது அடைத்துப்போகும், போன்கள் அனுப்புவது அவற்றுக்குக் கேட்காது.

2023 நவம்பரில், வடகிழக்குப் பருவமழை பிடித்த வாரம், வத்தலக்குண்டு பக்கமிருந்து புகார் மேல் புகார். சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, படம் பார்க்க முடிகிறது, ஆனால் எதையும் அனுப்ப முடியவில்லை. ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர், திருமணப் படங்களை அனுப்ப முடியாமல் இரண்டு நாளாகப் பஸ் ஏறித் திண்டுக்கல் போய் வருவதாகச் சொன்னார். நாங்கள் ஆன்டெனாவின் சாய்வை மாற்றினோம், மென்பொருளைப் பார்த்தோம். மூன்று நாள் வீணாயிற்று. புகார் வந்த டவர்களிலேயே தேடிக்கொண்டிருந்தோம். குற்றம் அவற்றில் இல்லை.

நான்காம் நாள், புகாரே வராத ஒரு டவருக்குப் போனேன். ஜிபிஎஸ் எச்சரிக்கை அங்கே வருவதும் போவதுமாக இருந்ததால் யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்கவில்லை. செயற்கைக்கோள் தொடர்பு விட்டுப்போனால் உள்ளிருக்கும் கடிகாரம் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்; பிறகு மெல்ல நழுவும். அப்படி நழுவினால் அலைபரப்பைத் தானாக நிறுத்தும் அமைப்பும் அங்கே போடப்பட்டிருக்கவில்லை.

கேபிள் இணைப்பின்மேல் சுற்றியிருந்த ரப்பர் டேப் வெளியே புதிதாகப் பளபளத்தது. கத்தியால் கீறித் திறந்தேன். உள்ளங்கையில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விழுந்தது. நடுவிலிருந்த செம்பு ஊசி பச்சை பூத்திருந்தது.

டேப்பை மேலிருந்து கீழே சுற்றியிருந்தார்கள். கீழிருந்து மேலே சுற்ற வேண்டும். ஓடு வேய்கிறவர் கீழ் வரிசையிலிருந்துதான் தொடங்குவார். அப்போதுதான் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிந்து தண்ணீர் வழிந்தோடும். மாற்றிச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் மழையை ஏந்தும் வாய்.

அதைச் சுற்றிய தம்பி என்னோடுதான் இருந்தான். முகம் வெளிறிவிட்டது. "அண்ணே, அன்றைக்கு இது மூன்றாவது டவர். செல்போன் வெளிச்சத்தில் சுற்றினேன்" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வேலை முடிந்ததற்குச் சான்றாக அவன் அனுப்ப வேண்டிய படங்களின் பட்டியலில் பெட்டி இருந்தது, போல்ட் இருந்தது, பெயர்ப்பலகைகூட இருந்தது, டேப் இல்லை. ஒரு நாளில் எத்தனை டவர் என்று எண்ணத்தான் ஆள் இருந்தது. கோபம் வந்தது, அந்தக் கணக்கின்மேல். அந்தக் கணக்கில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இணைப்பை மாற்றினோம். அவனே சுற்றினான், கீழிருந்து மேலே, மூன்று அடுக்கு. நான் டார்ச் பிடித்தேன். கடிகாரம் பிடித்துக்கொண்ட சற்று நேரத்தில் பக்கத்து டவர்களின் இரைச்சல் கோடு திரையில் தாழ்ந்து படுத்தது. ஸ்டுடியோக்காரரை அழைத்து அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். போகிறது என்றார்.

மறுநாள் புது டவர் எதையும் நாங்கள் தொடவில்லை. ஏற்கெனவே முடித்துக் கையெழுத்திட்டவற்றின் பட்டியலை எடுத்துக்கொண்டு, முதல் டவரிலிருந்து தொடங்கினோம். இரண்டாவதிலேயே டேப் மேலிருந்து கீழே சுற்றியிருந்தது.