இடம் என்ற கட்டம்

“ஷீட்டில் இல்லாததை நாம் எழுதக் கூடாதும்மா” என்று நான் சொன்னது சரியான பதில்தான். ஷீட் என்றால் காயவைத்த செடியை ஒட்டி விவரம் எழுதிய தாள். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனாலும் என்னோடு பட்டியல் போட்ட அந்தப் பெண், “அப்போ தரங்கம்பாடி எங்கேயுமே வராதா சார்?” என்று கேட்டது மனசை விட்டுப் போகவில்லை.

தாவரவியலாளர் வில்டெனோ பெயர் வைத்த செடிகளுக்கு டைப் பட்டியல், அதாவது ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரமான மூல மாதிரி எது என்ற பட்டியல், போட்டுக்கொண்டிருந்தோம். 1765இல் பிறந்து 1812இல் இறந்த பெர்லின்காரர். இந்தியப் பக்கம் வந்தவரே இல்லை. தரங்கம்பாடி மிஷனிலிருந்து ரோட்லர் பாதிரியாரும் மருத்துவர் கிளைனும் காயவைத்து அனுப்பியதைப் பார்த்தே நம் ஊர்ச் செடிகள் பலவற்றுக்குப் பெயர் கொடுத்தார். செடி வகைகளைத் தொகுத்த லின்னேயஸின் ‘ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்’ நூலை அவர் விரித்தெழுதிய பதிப்பு 1797இல் வெளிவரத் தொடங்கியது. அதில் இப்படிப்பட்ட செடிகள் பலவற்றுக்கு இடம் என்று இருப்பது வெறும் ‘கிழக்கிந்தியா’, அதாவது இந்தியாவும் அதற்கு அப்பாலும்.

கிளைன் அனுப்பிய ஷீட் ஒன்றுக்கு, இடம் என்ற கட்டத்தில் அவள் தரங்கம்பாடி என்று போட்டிருந்தாள். நான் அழித்தேன். அனுப்பியவர் குடியிருந்த ஊரில்தான் செடியும் பறித்தது என்று எப்படிச் சொல்வது? ரோட்லர் 1795இல் இலங்கைவரை போய் வந்தவர். ஊகத்தை ஒருமுறை ஏற்றிவிட்டால் அடுத்தவர் அப்படியே எடுத்துப் போடுவார், பிறகு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்தத் தொழிலில் இது நடக்கிற கதைதான்.

அப்படியானால் வில்டெனோ ‘கிழக்கிந்தியா’ என்று விட்டது மட்டும் நியாயமா? தரங்கம்பாடியிலிருந்து சென்னை போய்த் திரும்பிய வழியில் கண்ட செடிகளை ரோட்லர் எழுதிவைத்தார். 1803இல் பெர்லினில் அது அச்சானபோது குறிப்புகள் சேர்த்தவர் வில்டெனோவேதான். ஊர் விவரம் அவர் கைக்கு வரவே இல்லை என்று சொல்ல வழியில்லை. உலகத்துச் செடிகளையெல்லாம் ஒரே நூலில் அடைக்க நினைத்தவருக்கு நம் கடற்கரை ஊர் ஒன்று பெரிதாகப் படாமல் போயிருக்கலாம். அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தின், அதாவது காயவைத்த செடிகளின் சேமிப்பகத்தின், பெரும்பகுதி எரிந்தபோது அவருடைய தொகுப்பு தப்பியது. அதனால்தான் நாங்கள் சண்டை போட ஒரு ஷீட்டாவது மிஞ்சியது.

கடைசியில், “சரி, குறிப்பில் போட்டுவிடு” என்றேன். அச்சுக்குப் போகும் பட்டியலில் குறிப்பு என்ற கட்டமே கிடையாது. அது அவளுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஷீட்டை எடுத்தாள்.