புருவத்தைத் தூக்குனா ஆமாம்னு அர்த்தம்

கனடாவோட வடக்குக் கோடியில நுனாவுட்ல ரெண்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன், பெரியவங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்ற வேலை. 1999ல தனிப் பிரதேசமா பிரிஞ்ச எடம் அது, மொத்தமே 25 ஊரு, ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு ரோடே கிடையாது, ப்ளேன்லதான் போகணும், கனமான சாமான் எல்லாம் கோடைல ஐஸ் உருகுனப்புறம் கப்பல்ல வரும். இக்கலுயிட், ராங்கின் இன்லெட், கேம்பிரிட்ஜ் பே மூணு எடத்துல எங்க காலேஜோட கேம்பஸ் இருக்கு, ஆனா குழந்தை குட்டி, வேட்டை எல்லாத்தையும் விட்டுட்டு எல்லாராலயும் அங்க வந்து தங்க முடியுமா? அதனால காலேஜ்தான் ஊரைத் தேடிப் போகணும். நான் போனது அப்படி ஒரு சின்ன ஊரோட லேர்னிங் சென்டருக்கு.

மொத வாரம் நொந்துட்டேன். "புரிஞ்சுதா"ன்னு கேப்பேன், ஒருத்தர் வாயத் தொறக்க மாட்டாங்க. சரி புரியல போலன்னு மறுபடி மொதல்ல இருந்து பின்னம் நடத்துவேன், மறுபடி கேப்பேன், மறுபடி அமைதி. மூணாவது தடவை முன்னாடி உக்காந்திருந்த பொண்ணு பொறுக்க முடியாம சொல்லிட்டா, "சார், நாங்க அப்பவே ஆமாம்னு சொல்லிட்டோமே". அங்க இருக்கற பூர்வகுடியான இனுயிட் மக்கள் புருவத்த லேசா தூக்குனா ஆமாம், மூக்கச் சுருக்குனா இல்ல, அவ்ளோதான். நான் காதத் தீட்டிக்கிட்டு நின்னிருக்கேன், மூஞ்சியப் பாக்கவே இல்ல. அதவிடக் கூத்து, என் தலையாட்டல். நம்ம ஊரு ஸ்டைல்ல பக்கவாட்டுல ஆட்டி "கரெக்ட்"ங்கிற மாதிரி நான் தலையாட்ட, விடை தப்புன்னு நெனச்சு அழிச்சு அழிச்சு எழுதிட்டிருந்திருக்காங்க பாவம்.

ஒரு பாட்டி க்ளாஸுக்கு வருவாங்க, பேத்திக்கு அமவுத்தி தைச்சிட்டிருந்தாங்க, முதுகுல குழந்தைய வச்சுக்கற மாதிரி தைக்கிற கோட்டு அது. டேப் எதுவும் இல்ல, துணி மேல கைய விரிச்சு வச்சாங்க, அப்புறம் விரல் அகலத்துக்குக் கொஞ்சம் தள்ளி கோடு போட்டாங்க, வெட்டுனாங்க, கச்சிதமா வந்துச்சு. எங்க ஊர்லயும் இத சாண்னு சொல்லுவோம்னு நான் கைய விரிச்சுக் காட்டுனேன், அவங்க கை மேல என் கைய வச்சுப் பாத்து, என்னுது பெருசுன்னு சிரிச்சாங்க. மறுநாள்ல இருந்து பின்னம் எல்லாம் சாண் கணக்குலதான், அரை சாண், கால் சாண்னு. பாடத்திட்டத்துல இதுக்கு எடம் கிடையாது, நானும் யாருகிட்டயும் கேக்கல.

கெளம்புற அன்னிக்கு சரியான பனிக்காத்து, எதிர் வீடு கண்ணுக்குத் தெரியல. ஏர்போர்ட்ல பெட்டியோட போய் நின்னு, "இன்னிக்கு ப்ளேன் வருமா?"ன்னு கவுண்டர் பொண்ணுகிட்ட கேட்டேன். போன்ல பேசிட்டே நிமிந்து பாத்து மூக்கச் சுருக்குனா. பெட்டியத் தூக்கிட்டு ரூமுக்கே திரும்பிட்டேன்.