உழவரைக் காக்கும் சட்டம் யாரைக் காக்க வேண்டும்?

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் விவசாயம் செய்யும் உரிமையைப் பாதுகாக்கும் சட்டம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. நகரம் விரிந்து வயலோரம் வரை வீடுகள் வந்த பிறகு, சாண நாற்றம், புழுதி, இயந்திர இரைச்சல் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் வழக்குத் தொடுத்து, தலைமுறை தலைமுறையாக அங்கே பாடுபட்டவரை வெளியேற்றிவிடக் கூடாது என்பதே அதன் அடிப்படை. இந்த நோக்கத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால், முதலில் வந்தவர் யார் என்ற கேள்வியைக் கைவிட்டால் இதே சட்டம் அநியாயத்துக்குத் துணைபோய்விடும்.

1972-இல் அரிசோனா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஸ்பர் என்ற மாட்டுப்பட்டி நிறுவனத்தின் மீதான வழக்கு அந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டது. ஃபீனிக்ஸ் நகருக்கு மேற்கே, மாடுகளை அடைத்துத் தீனி போட்டுக் கொழுக்க வைக்கும் பட்டிகள் 1950களிலேயே இருந்தன. 1959-இல் டெல் வெப் என்ற வீடுகட்டும் நிறுவனம் அந்தப் பகுதியில் ஓய்வுபெற்றோருக்கான சன் சிட்டி குடியிருப்பைக் கட்டத் தொடங்கியது. நகரத்தைவிட நிலம் மலிவு என்பதே அங்கே போனதற்குக் காரணம். வீடுகள் தெற்கே நகர்ந்தன, பட்டியும் விரிந்தது, இடைவெளி சுருங்கியது. வழக்கு நடந்த காலத்தில் பட்டியில் 20,000 முதல் 30,000 மாடுகள் இருந்தன. அவை நாளொன்றுக்குப் போட்ட ஈரச் சாணம் 10 லட்சம் பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 450 டன். எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் ஈயும் நாற்றமும் ஓயவில்லை. குடியிருப்போரின் நலன் கருதிப் பட்டி இடம்பெயர வேண்டும் என்ற நீதிமன்றம், அவர்களை அங்கே கொண்டுவந்து குடியமர்த்திய டெல் வெப் நிறுவனமே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. இதைவிட நேர்மையான தீர்ப்பு இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

வழக்கு வரை போகாமலேயே தடுக்கும் வழியைக் கலிஃபோர்னியாவின் சொனோமா போன்ற பல கவுன்ட்டிகள் (நம் மாவட்டங்களைப் போன்றவை) தங்கள் உள்ளூர்ச் சட்டங்களில் வைத்திருக்கின்றன. விளைநிலத்தை ஒட்டி வீடு வாங்குபவரிடம், இங்கே தூசி, புகை, பூச்சி, மருந்துத் தெளிப்பு, நேரங்கெட்ட நேரத்து இயந்திரச் சத்தம் எல்லாம் இருக்கும் என்று எழுத்தில் தெரிவித்துவிடுகிறார்கள். அதை அறிந்தே வாங்கியவர், பிறகு இரவில் அறுவடை நடக்கிறது என்று குறைகூறுவதில் நியாயம் இல்லை. மாநிலச் சட்டமும் எல்லாவற்றுக்கும் விலக்குத் தந்துவிடவில்லை: வணிக நோக்கில் முறையாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும், தொடக்கத்தில் தொல்லையாக இல்லாத விவசாயத்தைச் சுற்றுப்புறம் மாறிவிட்டது என்ற காரணத்துக்காகப் பின்னர் தொல்லை என்று சொல்ல முடியாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

வட கரோலினாவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே பன்றிப் பண்ணைகளின் கழிவைத் திறந்த குட்டைகளில் தேக்கி, பிறகு வயல்களில் பீய்ச்சியடிக்கிறார்கள். வழக்குத் தொடுத்த அண்டைவீட்டாரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலருடைய குடும்பங்கள் பண்ணைகள் வருவதற்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் வாழ்ந்தவை. துணி உலர்த்தவும் திண்ணையில் உட்காரவும் முடியாமல் போனவர்கள் அவர்கள். மாநிலத்தின் 1979-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே பண்ணைத் தொழிலுக்குக் கேடயமாகாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். 2018 ஏப்ரலில் முதல் வழக்கின் ஜூரி (நடுவர் குழு) 10 பேருக்கு 5 கோடி டாலருக்கு மேல் வழங்கச் சொன்னது, தண்டனைத் தொகைக்கு ஏற்கெனவே இருந்த சட்ட உச்சவரம்பால் அது பெருமளவு குறைந்தது. அதற்குள் சட்டமன்றம் சட்டத்தையே மாற்றத் தொடங்கியிருந்தது. 2017-இல் இழப்பீட்டுக்கு வரம்பு வந்தது. 2018-இல், பண்ணை தொடங்கிய அல்லது அடிப்படையில் மாறிய ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற விதி வந்தது. பண்ணைகளோ பல்லாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டவை. அந்த ஓராண்டு விதி நீக்கப்பட வேண்டும். பண்ணைக்கு முன்பே அங்கு வாழ்ந்தவருக்கு அது பொருந்தாது என்றாவது திருத்தப்பட வேண்டும்.