கேமராவுக்குப் பின்னால் ஆளில்லை: செல்ஃப் போர்ட்ரெய்ட் பழகிய நான்கு வாரங்கள்

மதுரையில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும் ஒரு போட்டோகிராபி வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மொத்தம் பதினோரு பேர். பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள். என்னைப் போல வேலைக்குப் போகிறவர்கள் மூன்று பேர். ஸ்கூலில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவரும் இருக்கிறார். போன மாதம் முழுக்க ஒரே பாடம்: செல்ஃப் போர்ட்ரெய்ட், அதாவது நம்மை நாமே படம் எடுப்பது. போனைக் கையில் நீட்டிப் பிடித்து எடுக்கக் கூடாது. ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, டைமர் வைத்து எடுக்க வேண்டும். வாரம் ஐந்து படம் மேட் பேப்பரில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும். கொடிக்கயிற்றில் துணி கிளிப் போட்டு மாட்டிவிட்டு எல்லாரும் பேசுவோம்.

முதல் நாள் சார் காட்டியது ராபர்ட் கொர்னேலியஸ் படம். 1839இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், தங்கள் குடும்பத்து விளக்குக் கடைக்குப் பின்னால், அவர் தன்னைத்தானே எடுத்துக்கொண்டது. லென்ஸ் மூடியைத் திறந்துவிட்டு எதிரே வந்து, அசையாமல் இருந்திருக்கிறார். கைகளைக் கட்டிக்கொண்டு, தலை கலைந்து, படச் சட்டத்தின் ஓரமாக ஒதுங்கி இருக்கிறார். “ஏன் நடுவுல இல்ல?” என்று சார் கேட்டார். டீச்சரம்மாதான் பதில் சொன்னார்: “பின்னாடி நின்னு பாத்துச் சொல்ல ஆளில்லையே சார்.” அந்த மாதம் நான் பட்ட பாடு அத்தனைக்கும் அந்த ஒரு வரிதான் காரணம்.

முதல் வாரம் ஃபோகஸிலேயே போய்விட்டது. என்னிடம் இருப்பது 50 மி.மீ. லென்ஸ். பின்னணி மங்கலாக இருந்தால் அழகு என்று லென்ஸ் துளையை அகலமாகத் திறந்து எஃப் 1.8இல் வைத்தேன். ஒன்றேகால் மீட்டர் தூரத்தில் அப்படி எடுத்தால் கூர்மையாக விழுவது கிட்டத்தட்ட 4 செ.மீ. ஆழம்தான். ஓடிப்போய் உட்காரும்போது தலை இரண்டு விரற்கடை முன்னே பின்னே போனால் காது தெளிவாகவும் கண் மங்கலாகவும் விழுகிறது. முப்பத்தெட்டு படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பிறகு ஒட்டடைக் கம்பை எடுத்தேன். நாற்காலியில் நான் உட்காரும் இடத்தில் அதைச் சாய்த்து, என் கண் உயரத்தில் ஒரு பிஸ்கட் கவரைக் கட்டினேன். கவரில் உள்ள எழுத்தைக் கேமரா சட்டென்று பிடித்துக்கொண்டது. உடனே ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, கம்பை எடுத்து வைத்துவிட்டு, அதே இடத்தில் நான் உட்கார்ந்தேன். கூர்மையின் ஆழம் கூட லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 5.6, 10 விநாடி டைமர், காலை ஏழரை மணிக்குக் கூடத்து ஜன்னல் வெளிச்சம். கண் இமை மயிர்வரை தெளிவாக வந்தது. அன்றைக்கு ஆபீஸ் போகும் வழியெல்லாம் அந்தச் சந்தோஷம்தான்.

வகுப்பில் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. படம் எடுத்தவர் முதல் இரண்டு நிமிடம் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ‘நல்லா இருக்கு’, ‘நல்லா இல்ல’ என்று சொல்லக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. எனக்கு அது இரண்டாவது வாரத்திலேயே சறுக்கியது.

பி.காம் படிக்கும் ஒரு தம்பியின் படம். சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் நேராக நிற்கிறார். “முகம் இருட்டா இருக்கு தம்பி, கொஞ்சம் பிரைட் பண்ணியிருக்கலாம்” என்றேன். அவர் பேசக் கூடாத நேரம், ஆனாலும் மெதுவாகச் சொன்னார்: “என் கலரே அதுதானக்கா.” எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சின்ன வயதில் ஸ்டுடியோவில் எடுத்த என் பாஸ்போர்ட் போட்டோவில் என்னைக் கேட்காமலேயே முகத்தை வெளுக்க வைத்துக் கொடுத்தது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அதே வேலையை நானே இன்னொருவருக்குச் செய்துவிட்டேன்.

சார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “முகத்த விடுங்க, சுவரப் பாருங்க” என்றார். வெள்ளைச் சுவர் சாம்பல் நிறத்தில் இருந்தது. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டம் முழுக்க வெள்ளைச் சுவர் என்றால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். அந்தக் குறைவு முகத்திலும் விழுகிறது. குறை அவர் நிறத்தில் இல்லை, எக்ஸ்போஷரில், அதாவது கேமரா வாங்கிய வெளிச்ச அளவில் இருந்தது. அடுத்த வாரம் அவர் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டி எடுத்துவந்தார். சுவர் வெள்ளையாக இருந்தது. அவர் நிறம் அவர் நிறமாகவே, நெற்றியில் எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. அந்த மாதம் கயிற்றில் தொங்கியதிலேயே எனக்கு மிகப் பிடித்த படம் அதுதான்.

மூன்றாவது வாரம் என் முறை. ஐந்து படமும் ஃபோகஸ் சுத்தம், வெளிச்சம் சரி. அதே தம்பிதான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, அஞ்சுலயும் கண்ணு கொஞ்சம் ஓரமாப் போகுது. எங்களப் பாக்கல, வேற யாரையோ பாக்குறீங்க.”

அந்த வேறு யாரோ நான்தான். என் கேமராவில் பக்கவாட்டில் திறந்து முன்பக்கம் திருப்பும் திரை இருக்கிறது. சட்டத்துக்குள் இருக்கிறேனா என்று பார்க்க அதைத் திருப்பி வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஷட்டர் விழும் நொடியில் லென்ஸை விட்டுவிட்டுத் திரையில் என் முகத்தையே பார்த்திருக்கிறேன். வீட்டில் இருபது தடவை பெரிதாக்கிப் பார்த்தும் இது எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் அன்று புரிந்தது. அந்தத் திரை காட்டுவது கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறிய முகம். பிரிண்டில் வருவது மற்றவர்கள் பார்க்கும் முகம். வகிடு ‘இடம் மாறி’ இருப்பதால் என் படம் எனக்கே ஒட்டவில்லை. 1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் மூவர் இதைச் சோதித்திருக்கிறார்கள். பெண்களிடம் அவர்களுடைய படத்தையே இரண்டு விதமாகக் காட்டினால், அவர்களுக்குக் கண்ணாடி முகம்தான் அதிகம் பிடித்தது. அவர்களுடைய தோழிகளுக்கோ நேரில் தெரியும் முகம். பழகிய முகம் எதுவோ அது பிடிக்கிறது. நான் கிழித்துப் போட நினைத்த மூன்றாவது படத்தைத்தான் டீச்சரம்மா “இதுதான்மா நீ” என்றார்.

சார் விவியன் மேயர் படங்களை எடுத்துக் காட்டினார். சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே தெருவெல்லாம் படம் எடுத்தவர். கடைக் கண்ணாடியிலும் நிழலிலும் தன்னையே நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறார். அவருடைய ரோலிஃப்ளெக்ஸ் கேமராவை மார்பு உயரத்தில் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அதனால் முகத்தைக் கேமரா மறைப்பதில்லை. சட்டத்தை முன்பே சரிபார்த்துவிட்டால், அழுத்தும்போது தலையை நிமிர்த்திக்கொள்ளலாம்.

நானும் அதையே செய்தேன். நான்காவது வாரம் சட்டத்தைச் சரிபார்த்ததும் திரையை மூடிவிட்டேன். லென்ஸ் விளிம்பில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரை இல்லாமல் முதல் பத்து படத்தில் முகம் விறைத்துப்போனது. பதினைந்தாவது படத்துக்கு மேல் தாடை இளகியது. பொட்டை ஒரு ஆளாக நினைத்துக்கொண்டு, மனசுக்குள் அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படத்தைத்தான் பிரிண்ட் போட்டேன்.

கயிற்றில் மாட்டியதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தம்பி சொன்னார்: “இப்ப என்னத்தான் பாக்குறீங்க அக்கா.” இரண்டு நிமிடம் நான் பேசக் கூடாதாகையால் தலையை மட்டும் ஆட்டினேன். டீச்சரம்மா பக்கத்தில் போய்க் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, “தோள் ரெண்டும் தூக்கியிருக்கு. கையில எதையோ இறுக்கிப் பிடிச்சிருக்கம்மா. கை எங்க?” என்று கேட்டார்.

கை சட்டத்துக்கு வெளியே நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாளைக் காலை நாற்காலியை ஒன்றரை அடி பின்னால் தள்ளி, ஒட்டடைக் கம்பில் கவரை அதே உயரத்தில் மறுபடி கட்ட வேண்டும்.