வேகஸில் பதினோராவது நாற்காலி: ஃபேன்டசி பேஸ்பால் டிராஃப்டுக்கு நேரில் போன கதை

நிஜ பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, சீசன் முழுக்க அவர்கள் எடுக்கும் எண்களுக்குப் புள்ளி வாங்குவதுதான் ஃபேன்டசி பேஸ்பால். அந்த அணிக்கு முறை வைத்து ஆள் எடுப்பதுதான் டிராஃப்ட். டிரீம்11 ஆடிப் பழகியவர்களுக்கு இதில் பாதி உடனே புரிந்துவிடும். என்னைப் படுத்தியெடுத்தது மீதிப் பாதி. டிரீம்11-இல் ரோஹித் சர்மாவை நீங்களும் எடுக்கலாம், நானும் எடுக்கலாம், ஊரே எடுக்கலாம். டிராஃப்டில் அப்படி இல்லை, ஒருவர் எடுத்துவிட்டால் அந்த ஆட்டக்காரர் அந்த மேஜையில் வேறு யாருக்கும் கிடையாது. ஐபிஎல் ஏலம் போல காசைக் காட்டி இழுக்கவும் முடியாது. 15 பேர், ஆளுக்கு 30 ஆட்டக்காரர்கள், மொத்தம் 450 பெயர்கள், உங்கள் முறை வரும்வரை மனதில் இருப்பவர் யார் கையிலும் சிக்கிவிடக் கூடாதே என்று பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நான் ஃபிலடெல்ஃபியா பக்கம் குடியிருப்பவன். ஆபீஸ் ஆட்களோடு ஆறேழு வருடம் கணினியிலேயே டிராஃப்ட் செய்து, இரண்டு முறை ஜெயித்து, கொஞ்சம் தலைக்கனம் ஏறிய நிலையில், கல்லூரி நண்பன் ஒருவனோடு பாதிப் பாதி பணம் போட்டு லாஸ் வேகஸில் நடக்கும் நேரடிப் போட்டி ஒன்றில் பெயர் கொடுத்தோம். 2024 மார்ச் 23, சனிக்கிழமை. நான் பெயர் சொல்வது, போன பெயர்களை அவன் காகிதத்தில் அடிப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். இந்த "அடிப்பது" எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது தெரியாது.

கணக்கு எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மட்டையாளர்களுக்கு ஐந்து பிரிவு: சராசரி, நம் சிக்ஸர் மாதிரியான ஹோம் ரன், தன் அடியால் அணிக்கு வரவைத்த ரன் (ஆர்பிஐ), தானே ஓடி எடுத்த ரன், பந்தை அடிக்கும் முன்பே ஓடிப் பிடித்த, அதாவது திருடிய தளங்கள். பந்து எறியும் பிட்சர்களுக்கும் ஐந்து: வெற்றி, மட்டையாளரை அடிக்கவிடாமல் வெளியேற்றும் ஸ்டிரைக்அவுட், முன்னிலையைக் காத்து முடிக்கும் சேவ், 9 இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன், ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை பேரைத் தளத்தில் ஏற்றுகிறார் என்பது. ஒவ்வொரு பிரிவிலும் முதலில் வரும் அணிக்கு 15 புள்ளி, கடைசிக்கு 1, பத்துப் பிரிவையும் கூட்டினால் அதிகபட்சம் 150. இந்த முறைக்கு ரொட்டிஸ்ஸரி என்று பெயர். 1980-இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகைக்காரரும் நண்பர்களும் இதைத் தொடங்கியபோது நியூயார்க்கில் கூடிச் சாப்பிட்ட உணவகம் லா ரொட்டிஸ்ஸரி ஃபிரான்சேஸ். கோழி வாட்டுகிற கடையின் பெயர் இப்படி ஒரு விளையாட்டுக்கு ஒட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

எத்தனையாவது ஆளாகத் தேர்வு செய்வது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தின் பெயரால் அதை அழைக்கிறார்கள். 1 முதல் 15 வரை உங்களுக்குப் பிடித்த இடங்களை வரிசையாக எழுதிக் கொடுத்தால், குலுக்கலில் யார் பெயர் முதலில் வருகிறதோ அவர் கேட்டது அவருக்கு. நாங்கள் 1 என்று எழுதினோம், அந்த வருடம் எல்லோரும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். காரணம் அட்லாண்டாவின் ரொனால்ட் அகூன்யா ஜூனியர். 2023-இல் 41 ஹோம் ரன், 73 தளத் திருட்டு. அப்படி ஒரு ஜோடி எண்ணை அதற்கு முன் யாரும் எடுத்ததில்லை. எங்களுக்குக் கிடைத்தது 11. பாம்பு மாதிரி வளைந்து திரும்பும் வரிசை என்பதால் எங்கள் தேர்வுகள் 11, 20, 41, 50 என்று போகும். 20-க்கும் 41-க்கும் நடுவே 20 பெயர்கள் போய்விடும். வீட்டில் கணினி முன்னால் அந்த இடைவெளி ஒன்றுமே இல்லை, எழுந்துபோய்த் தோசை ஊற்றிக்கொண்டு வரலாம். மேஜையில் ஒவ்வொரு பெயரும் வயிற்றில் இறங்கும்.

தயாரிப்பு என்று இரண்டு மாதம் ஓடியது. பிப்ரவரியில் போட்ட பட்டியல் மார்ச்சில் கந்தலாகிவிட்டது. முந்தைய வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய கெரிட் கோலுக்கு முழங்கையில் வலி, மில்வாக்கியின் குளோசர், அதாவது ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் பிட்சர், டெவின் வில்லியம்ஸுக்கு முதுகெலும்பில் விரிசல். பழைய வருடங்களின் குறிப்புகளும் உதவவில்லை. 2023-இல் தளத்தின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கி, பிட்சர் தளத்தை நோக்கி எறிந்து ஓட்டக்காரரை மிரட்டுவதற்கும் வரம்பு வைத்துவிட்டார்கள். 2022-இல் மேஜர் லீக் பேஸ்பால் முழுவதும் 2,486 ஆக இருந்த திருட்டுகள் ஒரே வருடத்தில் 3,503 ஆகிவிட்டன. முன்பெல்லாம் 30 திருட்டு செய்பவர் தங்கம், இப்போது அது பரவாயில்லை ரகம். அதனால் வேகத்தை முதலிலேயே வாங்கிவிட வேண்டும், பின்னால் போனால் பத்தாது என்று முடிவெடுத்தேன். இந்த முடிவுதான் என்னைக் கவிழ்த்தது, அல்லது அதைச் சாக்காக வைத்து நானே கவிழ்ந்தேன்.

ஹோட்டலின் கூட்ட அரங்கில் மேஜை மேஜையாகப் பிரித்திருந்தார்கள். சுவரில் கட்டம் போட்ட பெரிய பலகை, பெயர் சொல்லச் சொல்ல ஒருவர் ஸ்டிக்கரை எடுத்து ஒட்டுவார். ஒரு தேர்வுக்கு ஒரு நிமிடம். என் மேஜையில் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், இருபது வருடமாக வருகிறவர்கள், ஒருவரையொருவர் குழந்தைகள் படிப்பு வரை விசாரித்துக்கொண்டார்கள். எங்களைப் பார்த்து ஒருவர் "கிரிக்கெட்டா?" என்று கேட்டார். ஆமாம், இரண்டும் உண்டு என்றோம். அத்துடன் எங்களைப் பற்றிய அவர்கள் பயம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அன்று காலை முழுக்க ஒரே பேச்சு, மட்டையும் பிடித்துப் பந்தும் எறியும் ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி. மூன்று நாள் முன்புதான், அவருடைய டாட்ஜர்ஸ் அணி சியோலில் ஆடிக்கொண்டிருந்தபோது, அவருடைய மொழிபெயர்ப்பாளர் இப்பே மிசுஹாரா சூதாட்டக் கடன் விவகாரத்தில் வேலையை இழந்திருந்தார். வெள்ளிக்கிழமை லீக் விசாரணை அறிவித்தது. ஓட்டானி இன்னும் வாய் திறக்கவில்லை, திங்கட்கிழமைதான் பேசினார். நடுவில் எங்கள் சனிக்கிழமை. பக்கத்திலேயே பந்தயக் கூடத்தில் திரைகள் ஓடிக்கொண்டிருக்க, அவருக்குத் தடை வருமா, எத்தனை ஆட்டம் என்று சூதாட்ட ஊரில் உட்கார்ந்து நாங்கள் கவலைப்பட்டோம்.

எதிர்பார்த்தபடி அகூன்யா முதலில் போனார். விட், பெட்ஸ், ஜட்ஜ் என்று வரிசை கரைந்து எங்களிடம் வந்தபோது ஓட்டானி அப்படியே இருந்தார். நண்பன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். "மச்சான், எடு" என்றான். அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, முதல் இருபது நொடி யோசிப்பதுபோல இருக்கும், அப்புறம் யோசிப்பதுபோல நடிப்பதாக மாறிவிடும். தடை வந்தால்? முழங்கை அறுவைக்குப் பிறகு பந்தும் எறிய மாட்டார், களத்தில் நிற்கவும் மாட்டார் என்பதால் என் அணியில் எந்த மட்டையாளரையும் வைக்கக்கூடிய ஒரே ஒரு பொது இடத்தில்தானே வைக்க முடியும்? வேகம் வேண்டுமே? நான் "ட்ரே டர்னர்" என்றேன்.

டர்னர் ஃபிலடெல்ஃபியா ஆள். 2023-இல் 30 முறை திருட முயன்று 30 முறையும் தப்பித்தவர். எண்கள் சரிதான். ஆனால் உண்மையைச் சொன்னால் எண்களுக்காக மட்டும் நான் எடுக்கவில்லை. முந்தைய ஆகஸ்டில், 300 மில்லியன் டாலர் ஒப்பந்தம் வாங்கிவிட்டு மட்டையில் படாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தபோது, திட்டுவதற்குப் பேர்போன எங்கள் ஊர் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி அவரை மீட்டார்கள். அந்தப் பாசம் அந்த நிமிடத்தில் என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓட்டானி இரண்டு இடம் தள்ளிப் போனார். எடுத்தவர் சிரிக்கக்கூட இல்லை, காப்பியை ஒரு வாய் குடித்தார்.

20-இல் கிளீவ்லேண்டின் ஹோசே ராமிரெஸ் இன்னும் மிச்சமிருந்தார். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. 41-க்கு டெட்ராய்ட்டின் பிட்சர் டாரிக் ஸ்கூபலைக் குறித்து வைத்திருந்தோம். 40-ஆவதாக, சரியாக என் இடப்பக்கத்து நாற்காலிக்காரர் அவர் பெயரைச் சொன்னார். என் காகிதம் அவர் கண்ணில் பட்டிருக்குமோ என்று இன்றுவரை சந்தேகம் உண்டு, ஆனால் அவரும் படித்துத்தானே வந்திருப்பார். பதிலுக்கு இன்னொரு பிட்சர் ஜார்ஜ் கர்பியை எடுத்தோம், 2023-இல் 190 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து, தவறாக எறிந்த பந்துகளால் 19 பேரை மட்டுமே முதல் தளத்துக்கு இலவசமாக நடக்கவிட்டவர். அதிலிருந்து நான் காகிதத்தைக் கையால் மூடிக்கொண்டு பரீட்சை எழுதும் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஆறாவது சுற்றில் மானம் போனது. நண்பன் காப்பி எடுக்கப் போயிருந்தான், அதாவது காகிதத்தில் அடிப்பதற்கு ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து குளோசர்கள் மளமளவென்று போக ஆரம்பித்தார்கள். குளோசர் என்றால் நம் கடைசி ஓவர் பந்துவீச்சாளர் மாதிரி, முன்னிலையைக் காத்து முடித்துக் கொடுத்தால் ஒரு சேவ். ஓர் அணிக்கு ஒருவர்தான், அதனால் இரண்டு மூன்று பெயர் தொடர்ந்து போனால் மேஜையே பதறும். நானும் பதறி, எங்கள் முறை வந்ததும் பிட்ஸ்பர்க் குளோசர் "டேவிட் பெட்னார்!" என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன். ஒரு விநாடி அமைதி. பிறகு மேஜை மொத்தமும் ஒரே குரலில் ஊளையிட்டது. அவர் நான்கு தேர்வுக்கு முன்பே போய்விட்டாராம். ஸ்டிக்கர் ஒட்டுபவர் பலகையைத் தொட்டுக் காட்டினார். கடிகாரம் நிற்கவில்லை, 14 நொடி மிச்சம். காகிதத்தில் கண்ணில் பட்ட முதல் அடிக்காத பெயர் செயின்ட் லூயிஸின் ரயன் ஹெல்ஸ்லி, எங்கள் கணக்கில் அவர் அடுத்த சுற்றுக்கானவர். சொல்லிவிட்டேன். நண்பன் இரண்டு கோப்பையோடு வந்து, ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று கேட்டான்.

அந்த ஹெல்ஸ்லி 2024-இல் 49 சேவ் எடுத்தார், மேஜர் லீக் முழுவதிலும் அதுதான் அதிகம். பெட்னார் பாதி வருடத்திலேயே திணறி, கடைசியில் அந்த வேலையையே இழந்தார். நான் உருப்படியாகச் செய்த ஒரே தேர்வு நான் செய்யாத தேர்வு.

பத்தாவது சுற்றுக்குப் பிறகு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, களைப்புதான். நம் விக்கெட் கீப்பர் மாதிரியான கேட்சர் இரண்டு பேரை வைத்தே ஆக வேண்டும் என்பதால் .200 சராசரி எடுக்கவே கஷ்டப்படும் ஆட்களைக்கூடப் பேரம் பேசுவதுபோல யோசித்து எடுத்தோம். இருபத்தைந்தாவது சுற்றில் யாரும் யாரையும் கவனிக்கவில்லை, ஒருவர் பீட்சா வாங்கி மேஜை முழுக்கக் கொடுத்தார். நாலரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது என் தொண்டை கட்டியிருந்தது, நான் பேசியதோ 30 பெயர், பெட்னாரோடு 31.

சீசன் எப்படிப் போனது என்பதற்கு வருகிறேன். இந்தப் போட்டியில் ஆட்டக்காரர்களைப் பண்டமாற்று செய்ய முடியாது. வாரம் ஒரு முறை மறைமுக ஏலத்தில் யாரும் எடுக்காதவர்களைப் பிடிக்கலாம், அவ்வளவுதான். மே 26 அன்று பிட்ஸ்பர்க்கில் அகூன்யாவின் இடது முழங்கால் போனது, 1-ஆம் இடத்தைக் குலுக்கலில் வென்றவர் அத்துடன் சரி. எங்கள் டர்னர் தொடைத் தசைப் பிடிப்பில் ஒன்றரை மாதம் உட்கார்ந்துவிட்டு 21 ஹோம் ரன், 19 திருட்டோடு முடித்தார். ஓட்டானியோ 54 ஹோம் ரன், 59 திருட்டு. ஓட்டானியின் பணத்தைத் திருடியதாக மிசுஹாரா நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஓட்டானிக்கு ஒரு நாள் தடைகூட வரவில்லை. நான் எந்த வேகத்துக்குப் பயந்து அவரை விட்டேனோ அந்த வேகத்திலேயே என் ஆளை மூன்று மடங்கு தாண்டிவிட்டார்.

நாங்கள் நான்காவது. பணம் முதல் மூன்று பேருக்கு, மூன்றாமவருக்கும் எங்களுக்கும் நடுவே அரைப் புள்ளி. ஹோம் ரன் பிரிவில் இன்னொரு அணியோடு சமமாக நின்று புள்ளியைப் பகிர்ந்துகொண்டிருந்தோம், ஒரு ஹோம் ரன் கூடினால் அந்த அரைப் புள்ளி எங்களுக்கு. ராமிரெஸ் 39 ஹோம் ரன், 41 திருட்டோடு கடைசி நாளுக்குக் காத்திருந்தார், 40-40 கூட்டத்தில் சேர அவருக்கும் ஒன்று வேண்டும், மூன்றாமவரைப் பிடிக்க எங்களுக்கும் அதே ஒன்று வேண்டும். செப்டம்பர் 29, கிளீவ்லேண்டில் மழை, ஆட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். நான் வரவேற்பறையில் உட்கார்ந்து அந்த மழையைத் தமிழில் இருக்கும் எல்லா வார்த்தைகளாலும் திட்டி நண்பனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன்.

அவனிடமிருந்து எழுத்தில் ஒரே வரி வந்தது: "டேய், 33 ஹோம் ரனைக் காலை மிதிச்சுக் காட்டினேன், அதை விட்டுட்டு மழையைத் திட்டுறியா."